என் வீட்டுக்காரர் மூக்கும் ஆறு வோல்ட் பேட்டரியும்

என் வீட்டுக்காரர் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டால் அது முதலில் அவர் மீசையில்தான் தெரியும். ஆள்காட்டி விரலால் அதை இரண்டு பக்கமும் நீவிவிடுவார். பிறகு தொண்டையைச் செருமுவார். பிறகு, வீட்டில் என்னையும் எட்டு மாதப் பாப்பாவையும் தவிர வேறு ஆள் இல்லாவிட்டாலும், ரப்பர்த் தோட்டத்துக் காலைப் பெரட்டில் நூறு பேருக்குப் பேர் கூப்பிடும் குரலில் பேசுவார்.

"மணி! இன்னையிலருந்து மோட்டார் விஷயம் என் பொறுப்பு. பேட்டரிய நான் பாக்குறேன், நான் வாங்குறேன், நான் மாட்டுறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

பாப்பா கைதட்டியது. பதில் சொல்ல அதற்கு அப்போது கைதட்ட மட்டும்தான் தெரியும்.

நானும் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் டின்னைத்தான் திறந்தேன். அது பிறகு வரும்.

எங்கள் மோட்டார் ஒரு பழைய கப் மோட்டார் சைக்கிள். செகிஞ்சானில் நெல் போடும் ஒரு சீனரிடம் வாங்கியது. எங்கள் கல்யாணத்தைவிட அதற்கு ஒன்பது வயது அதிகம். ஓங்கி உதைத்தால் இஞ்சின் கிளம்பிவிடும், அதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆனால் ஹாரன், சிக்னல், பிரேக் விளக்கு மூன்றுக்கும் பேட்டரிதான் சோறு போட வேண்டும். அந்தப் பேட்டரி இரண்டு மாதம் முன்பு கண்ணை மூடிவிட்டது.

அன்றிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஹாரன் அவர் வாய். எருமைக்கு ஒரு சத்தம், வாத்துக்கு ஒரு சத்தம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பெரியவர்களுக்கு சலாம் கலந்த ஒரு சத்தம். சிக்னல் நான். வலது பக்கம் திரும்ப என் வலது கை. இடது பக்கம் திரும்ப, இடது கையில் பாப்பா இருப்பதால், பாப்பாவின் கை. பிரேக் விளக்கும் நானேதான். அவர் பிரேக் பிடித்தால் நான் திரும்பி, பின்னால் வரும் லோரிக்காரனை முறைப்பேன். எப்படிப்பட்ட லோரியும் வேகத்தைக் குறைத்துவிடும்.

இப்படியே ஓட்டியிருக்கலாம். கோலசிலாங்கூர் கிளினிக்கில் பாப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் வினை வந்தது. புக்கிட் ரோத்தான் சந்திப்பில் வலது பக்கம் திரும்ப நான் கையை நீட்டினேன். எதிரே வந்த பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து கேட்டார்.

"எத்தன டிக்கெட்டு?"

"நாங்க ஏறலைங்க."

"அப்புறம் எதுக்குக் கையக் காட்டுன?"

"அது சிக்னலுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர் தலைக்கவசத்தை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார். அன்றே நான் சொல்லிவிட்டேன். பேட்டரி மாற்றுகிற வரைக்கும் நானும் பாப்பாவும் அந்த மோட்டாரில் ஏறமாட்டோம். அதன் விளைவுதான் மேலே சொன்ன மீசைத் தீர்மானம்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சேது என்று பெயர். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் தோட்டத்து ஸ்டோரில் வேலை கிடைத்திருந்தது. வெட்டி வரும் ரப்பர் பாலில் ஆசிட்டைக் கலந்து உறையவைத்து ஷீட்டாக்குகிற இடம் அது. ஆசிட்டு கலக்குகிற வேலை இவருக்கு. மழை பெய்தால் பால் வெட்டுகிறவர்களுக்குப் பேரும் கூலியும் கிடையாது, ஸ்டோரில் இருக்கிறவருக்கு உண்டு. கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மூன்று மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால் நிரந்தரம் என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற சிவானந்தம் கிராணி சொல்லியிருந்தார். இரண்டு மாதம் முடிந்திருந்தது. கூடவே ஒரு சட்டமும் போட்டிருந்தார். ஸ்டோரைவிட்டு ஒரு சொட்டு ஆசிட்டு வெளியே போனால், கொண்டுபோன ஆளும் அதோடு போய்விட வேண்டும்.

அந்தச் சட்டத்தை நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் மறந்தார்.

புதன்கிழமை புக்கிட் ரோத்தானில் ஆ லெக் தவுக்கே என்கிற சீன முதலாளியின் மோட்டார்க் கடைக்குப் போனோம். வீட்டுக்காரர் மோட்டாரில் முன்னால் போனார், நானும் பாப்பாவும் பிஸ்கட் டின்னும் பஸ்ஸில் பின்னால் போனோம். அதே கண்டக்டர்தான். "இன்னைக்கு நெசமாவே ஏறுறியாம்மா?" என்று கேட்டு டிக்கெட் கிழித்தார்.

ஆ லெக் தோட்டத்துக்காரர்களோடு பழகி வளர்ந்தவர். தமிழை உடைத்து உடைத்துப் பேசினாலும் ஒரு துண்டும் வீணாகாது.

"தவுக்கே, நல்ல பேட்டரியா ஒண்ணு எடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆறு வோல்ட்டா, பன்னெண்டு வோல்ட்டா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மீசையை நீவினார்.

"பன்னெண்டு."

"அண்ணே, உன் மோட்டார் பழசு லா. ஆறுதான் இருக்கும்."

"ஆறு பெரிசா, பன்னெண்டு பெரிசா?"

"பன்னெண்டு பெரிசு."

"அப்ப பெரிசையே குடு. எனக்கு ஹாரன் தஞ்சோங் காராங் வரைக்கும் கேக்கணும்."

"கேக்கும் அண்ணே. ஒரே ஒரு தடவ கேக்கும். அப்புறம் பல்ப்பு எல்லாம் பட்டு பட்டுன்னு போயிரும்."

"வியாபாரம் பேசாத தவுக்கே. எனக்கு நம்பர் எல்லாம் மண்டையில இருக்கு."

நான் பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே எங்கள் செத்த பேட்டரி, சாயாமல் இருக்க நாலு பக்கமும் பழைய துணி அணைத்து, தொட்டிலில் பாப்பா மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் நெற்றியிலேயே ஆறு என்று எழுதியிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆ லெக் உள்ளே போய் ஒரு பேட்டரியை எடுத்து வந்தார். அதே உயரம், அதே அகலம், அதே ஆறு. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் மூச்சுவிடுகிற ரப்பர்க் குழாய் இடது பக்கம் இருந்தது. புதியதில் வலது பக்கம்.

"தவுக்கே, குழாய் மாறி இருக்கே?"

"அதுக்கென்ன இப்ப?" என்றார் என் வீட்டுக்காரர். "மூக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன, மூச்சு வந்தா சரி."

"இல்ல அண்ணே. இந்தப் பக்கம் வெச்சா ஆசிட்டு சொட்டும், செயின் துருப்பிடிக்கும்," என்ற ஆ லெக், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தங்கச்சி நல்லா பாக்குது லா." உள்ளே போய் இடது பக்கக் குழாய் வைத்ததை எடுத்து வந்தார்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மனைவியைப் பாராட்டிய கடையில் புருஷனுக்கு ஏதாவது ஒன்றில் ஜெயித்தாக வேண்டும் அல்லவா?

"புதுப் பேட்டரி காஞ்சிருக்கு," என்றார் ஆ லெக். "நான் ஆசிட்டு ஊத்தி, சார்ஜ் போட்டு வைக்கிறேன். நாளைக்கு வந்து எடு. அதுக்குக் கூலி மூணு வெள்ளி தனி."

"என்னது? ஆசிட்டா?"

"ஆமா. ஆசிட்டு ஊத்தினாத்தான் பேட்டரிக்கு உசுரு."

என் வீட்டுக்காரர் முகம் பெட்ரோமாக்ஸ் மாதிரி பிரகாசமானது. "தவுக்கே! நான் யாருன்னு தெரியுமா? ஸ்டோர்ல ஆசிட்டு கலக்குறவன். காலையில எந்திரிச்சா ஆசிட்டு மூஞ்சியிலதான் முழிக்கிறேன். எனக்கே ஆசிட்டு விக்கிறியா?"

"அண்ணே, அது ரப்பர்ப் பாலுக்கு. இது பேட்டரிக்கு. ரெண்டும் வேற."

"ஆசிட்டுல என்னய்யா வேற? கையில பட்டா ரெண்டும் எரியுமா எரியாதா?"

"எரியும்."

"பேசாம பேட்டரியக் கட்டிக் குடு."

நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அதே ஸ்டோரில் ஷீட் அலசியவள்தான். பால் ஆசிட்டு எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆ லெக் கடை ஆசிட்டு போத்தல் மேசைமேலேயே திறந்து இருந்தது. ஒரு வாடையும் இல்லை. என்னங்க, ரெண்டும் ஒண்ணு இல்லைங்க என்று காதில் சொன்னேன்.

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

நான் பஸ்ஸுக்கு நடந்தேன். போகும்போது ஆ லெக்கிடம் மெதுவாக ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். பால் ஆசிட்டை ஊத்தினால் என்ன ஆகும்?

"சாகும் லா, தங்கச்சி. புதுசா வாங்கி, புதுசாவே சாகும்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வேலை விட்டு வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காலி சார்சி சோடா போத்தலில் அடைத்துக் கொண்டுவந்த ஸ்டோர் ஆசிட்டை எடுத்தார். கறுப்பு மூடி போட்டு இறுக்கி, துணி சுற்றியிருந்தது. குளியலறைச் சுவர் மேட்டில் வைத்துவிட்டு ரகசியமாகச் சொன்னார்.

"சனிக்கிழம மத்தியானம் ஊத்துறோம். யார் கிட்டயும் மூச்சு விடாத."

எனக்கு மூச்சே வரவில்லை. இரண்டு பயம் ஒன்றாக வந்தன. ஒன்று, தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் சார்சி போத்தலில் ஆசிட்டு. இன்னொன்று, இன்னும் ஒரு மாதத்தில் நிரந்தரமாகப் போகிற வேலை. அந்த வேலையும் அந்தப் போத்தலும் சுவர் மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பது போல இருந்தது.

பேசினால் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே நான் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அப்பளசாமி அண்ணனைப் பிடித்தேன். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். தினமும் புக்கிட் ரோத்தான் வழியாகப் போய் வருகிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தார்.

"பாலு உறையிற மாதிரி பேட்டரியும் உறைஞ்சிடும்னு நெனச்சானா உன் புருஷன்?"

"அண்ணே, சிரிக்காதீங்க. ஆ லெக் கடையில பேட்டரி ஆசிட்டு வாங்கிட்டு வரணும். இன்னொரு சார்சி போத்தல்ல ஊத்தி, இதே மாதிரி துணி சுத்திக் குடுக்கணும். பில்லும் வேணும்."

"பில்லு எதுக்கு?"

"எதுக்கோ. இருக்கட்டும்."

பதினோரு மணிக்கு அண்ணன் கொண்டுவந்தார். ஊற்றியது, மூடியது எல்லாம் அவர்தான். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். புதுப் போத்தல் பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பழையதைச் சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்து, மேலே கைத்துண்டு போர்த்தி, பாப்பாவை அண்ணன் மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்டோருக்கு நடந்தேன்.

வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து நான் கொண்டுபோன கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டார். "உள்ள காளியம்மாக்காவைப் பாத்துட்டு வர்றேன்," என்று உள்ளே போனேன். முன்பு என்னோடு ஷீட் அலசிய காளியம்மாக்கா, ஷீட் காயப்போடப் போயிருந்தார். மரச்சட்டத்துக்குள் நிற்கிற பெரிய கண்ணாடி ஆசிட்டு ஜாடி எனக்குப் பழைய தோழி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்த ஆசிட்டை வந்த இடத்திலேயே சேர்த்தேன். ஒரு சொட்டு குறைவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர்.

"ஏன் அழுதிருக்க?" என்றார் வெளியே வந்ததும்.

"காளியம்மாக்கா இல்ல. அதான்."

"அதுக்காகவா அழுவுற? என்னா மனசு உனக்கு!" என்று உருகிப்போனார்.

சனிக்கிழமை மத்தியானம் பூஜை மாதிரி நடந்தது. வாசலில் பலகை போட்டு, பலகைமேல் புதுப் பேட்டரியை வைத்தார். மோட்டாரைக் கழுவி, விளக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். ரப்பர்க் கையுறை மாட்டிக்கொண்டு போத்தலைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"மணி. வாடையே இல்லையே."

"எதுல?"

"ஆசிட்டுல. இந்நேரம் கண்ணு எரியணுமே. மூக்கு எரியணுமே."

ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை. பாப்பா என்னைப் பார்த்தது. நான் பாப்பாவைப் பார்த்தேன். பதில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"ரெண்டு மாசமா அதுலயே நிக்கிறீங்க. உங்க மூக்கு செத்துப் போச்சுங்க."

"என்ன?"

"நான் இவ்வளவு தூரத்துல நின்னே கண்ணத் தொடைக்கிறேன், பாருங்க." துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். சிரிப்பை அடக்கியதில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. கையுறையைக் கழற்றி மூக்கைத் தொட்டுப் பார்த்தார். மூக்கு இருந்தது. "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு," என்றார்.

"எல்லாம் திடீர்னுதான் போகும். நம்ம பேட்டரி போகலையா?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. துக்கத்தோடு ஊற்றினார். ஆ லெக் அப்பளசாமி அண்ணனிடம் சொல்லியனுப்பியதை நான் என் யோசனை போலச் சொல்ல, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பெட்டியில் வைத்து, வயரை மாட்டினார். சாவியைத் திருப்பி, இஞ்சினை உதைத்து, சார்ஜ் ஏறக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். ஹாரன் பொத்தானை அழுத்தினார்.

பீஈஈஈப்!

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கோழிகள் எல்லாம் பறந்தன. பாப்பா வீறிட்டது, பிறகு கைதட்டியது. சிக்னல் டிக் டிக் என்று கண்ணடித்தது. பிரேக் விளக்கு சிவந்தது. இரண்டு மாதமாக லோரிக்காரர்களை முறைத்து முறைத்துச் சுளுக்கிய என் கழுத்துக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் மோட்டாரில் ஏறினார். எட்டு லயத்தையும் மூன்று சுற்று சுற்றினார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பீப். யாராவது "புதுப் பேட்டரியா, சேது?" என்று கேட்டால் போதும்.

"பேட்டரிதான் கடையில வாங்கினது. ஆசிட்டு நம்ம தோட்டத்துது. கண்டுபிடிச்சது நானு. யார் கிட்டயும் சொல்லாதீங்க."

இப்படி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லாரிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் எனக்கு ஒரு ஆசை வந்தது. சுங்கை செம்பிலாங்கில் இருக்கிற என் தம்பி கொடுத்தனுப்பிய பிளாச்சான் ஒரு கட்டி வீட்டில் இருந்தது. அதைச் சுட்டு, மிளகாயோடு இடித்துச் சம்பல் செய்து சுடுசோற்றில் வைத்தால் எனக்குச் சொர்க்கம். ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் போட்ட தடை. அழுகிய இறால் நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாது. இப்போதுதான் மூக்கு செத்துப்போய்விட்டதே! சட்டியில் போட்டேன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "மணி, என்னமோ நாறுது!"

"எங்கங்க?"

"பிளாச்சான் மாதிரி."

"உங்களுக்குத்தான் மூக்கு இல்லையே. எப்பிடி நாறும்?"

"அதான் எனக்கும் புரியல. நல்லா நாறுதே."

"செத்த மூக்கு அப்பிடித்தாங்க. பழைய நாத்தத்தையெல்லாம் நெனச்சுப் பாக்கும்."

"அப்பிடியா?" என்று யோசித்தார். "விஞ்ஞானந்தான்."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பிளாச்சான். அந்த வாரம் முழுக்க அவர் மூக்குக்குப் பழைய நினைவு.

இந்தச் சந்தோஷத்தில் நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். தோட்டத்தில் செத்த பேட்டரியோடு ஓடுகிற மோட்டார் மொத்தம் பதினொன்று. புதன்கிழமைக்குள் பதினொரு பேரும் ஆ லெக் கடையில் காய்ந்த பேட்டரியாக வாங்கிவந்து வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் பதினொரு காலிப் போத்தல்கள் வரிசையாக நின்றன.

"என்னங்க இது?"

"சனிக்கிழம நெரப்பிக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"பதினொண்ணா? கிராணி பாத்தா?"

"ஜாடி பெரிசு மணி."

"உங்க வேலை சின்னது! அடுத்த மாசம் நிரந்தரம் ஆகணும், நெனப்பு இருக்கா?"

"ஊருக்கு நல்லது செய்யிறப்ப குறுக்க வராத," என்றார். ஒரு போத்தலை மாற்றி வைத்துவிடலாம். பதினொன்றுக்கு நான் எங்கே போக? நாளைக்குச் சாயங்காலம் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சாயங்காலம் வரைக்கும் கிராணி காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் சொன்னாராம். "சேது, பத்து மணிக்கு ஆபீசுக்கு வா." அப்பளசாமி அண்ணன் லோரியை வாசலில் நிறுத்தி எனக்குச் செய்தி சொன்னார். பாப்பாவின் ஊசிக் கார்டு உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஆபீஸ் சன்னலுக்கு வெளியே பதினொரு பேரும் நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளே கிராணி மேசைமேல் ஆசிட்டு ஜாடியை அளக்கிற குச்சி கிடந்தது. எதிரே என் வீட்டுக்காரர். மீசை கீழே தொங்கியது.

"ஸ்டோர் ஆசிட்டை எடுத்து மோட்டாருக்கு ஊத்தினியாமே?" என்றார் கிராணி.

என் வீட்டுக்காரர் குச்சியைப் பார்த்தார்.

"போன சனிக்கிழம அளந்தேன். சரியா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில மறுபடியும் அளந்து கணக்குப் பாத்தேன். ஒரு சொட்டு குறையல. அப்ப நீ எடுக்கல. அப்பிடித்தான?"

கிராணி நல்ல மனுஷன். தப்பித்துக்கொள்ளக் கதவைத் திறந்து வைத்து, வழியும் காட்டுகிறார். இல்லைங்க ஐயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுங்களேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

என் வீட்டுக்காரர் சன்னலைப் பார்த்தார். பதினொரு முகங்கள். ஒரு வாரமாக அவரை விஞ்ஞானி என்று கும்பிட்ட முகங்கள். இல்லை என்று சொன்னால் வேலை நிற்கும், பேர் போகும். ஆமாம் என்றால் பேர் நிற்கும், வேலை போகும். தொண்டையைச் செருமினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, பொய் சொல்ல மாட்டேன். தோட்டத்து ஆசிட்டுதான்."

"யோவ்! குறையவே இல்லைங்கிறேன்!"

"குறைஞ்சிருக்கும் ஐயா. சரியா அளந்து பாருங்க."

"ரெண்டு தடவ அளந்தேன்யா!"

"குச்சி தப்பா இருக்கும் ஐயா."

கிராணி தலையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைக் காப்பாத்தத்தானேய்யா கூப்பிட்டேன்! நீயே கழுத்த நீட்டுற. சரி, எழுதிக் குடுத்துட்டு, நாளையிலருந்து வேலைக்கு வராத."

பேனாவை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டார். வேலை போனபின் பேர் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது போலும், என்னைத் தேடி வாசலைப் பார்த்தார். நான் உள்ளே போனேன்.

"ஐயா, அது கடை ஆசிட்டு."

பாப்பா மட்டும் கைதட்டியது.

"இதோ பில்லு. ஆ லெக் கடை. போன வெள்ளிக்கிழம தேதி. வாங்கிட்டு வந்தது அப்பளசாமி அண்ணன், வேணும்னா கேட்டுக்குங்க. இவரு ஊத்தினது இதத்தான். இவருக்கே தெரியாது."

கிராணி பில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எவ்வளவு நேரம் சிரித்தார் என்று தெரியவில்லை. பிறகு சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"கேட்டுச்சா? எல்லாரும் போத்தல எடுத்துக்கிட்டு ஆ லெக் கடைக்குப் போங்க. நீ போய் வேலையப் பாரு, சேது. பால் உறையாம நிக்குது."

வீட்டுக்காரர் எழுந்து என்னோடு வந்தார். வெளியே வந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விட்டார். நானும் விட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரு பஸ் பிரேக் பிடித்த மாதிரி கேட்டது. வேலை இருக்கிறது. அடுத்த மாதமும் இருக்கும்.

ஸ்டோர் வரைக்கும் எங்களை மோட்டாரில் ஏற்றிப் போனார். சிக்னல் போட்டுத்தான் திரும்பினார். என் கை சும்மா மடியில் கிடந்தது, அதுவே ஒரு சுகம். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"அப்ப நான் கொண்டாந்த போத்தலு?"

"ஜாடியிலயே ஊத்திட்டேன்."

"எப்ப?"

"நீங்க மரத்தடியில கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டப்ப."

"அப்ப காளியம்மாக்காவுக்காக அழுதது?"

"ஆசிட்டு வாடைங்க."

இன்னும் கொஞ்ச தூரம் போனது. திடீரென்று பிரேக் பிடித்தார். பிரேக் விளக்கு எரிந்திருக்கும், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"மணி! அப்ப கடை ஆசிட்டுக்கு வாடையே கிடையாது?"

"கிடையாது."

"அப்ப என் மூக்கு?"

"நல்லா இருக்குங்க."

மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காணாமல் போன மாடு தானாக வீடு வந்து சேர்ந்த மாதிரி அப்படி ஒரு நிம்மதி முகத்தில். அந்த நிம்மதி அடுத்த மைல்கல் வரைக்கும்தான் நீடித்தது.

"அப்ப ஒரு வாரமா நாறுன பிளாச்சான்?"

நான் பாப்பாவின் குல்லாவைச் சரி செய்தேன். அவருக்கு இருந்த ஒரே வழியை அவர் பயன்படுத்தினார். ஹாரனை நீளமாக அடித்தார்.

மறு மாதம் வேலை நிரந்தரமானது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். தடை ஒன்று இருந்ததே, அதைத் திரும்பப் போட ஏனோ அவருக்கு மனம் வரவில்லை. வாசலில் யாரோ வாயாலேயே பீப் பீப் என்று ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் மீசையை நீவிக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்படிக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

சிவானந்தம் கிராணி. பழைய ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பேட்டரி போயிருச்சுப்பா. எதை வாங்கறதுன்னு ஒரு யோசன கேக்கலாம்னு வந்தேன்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "உக்காருங்கய்யா. மொதல்ல ஆறா பன்னெண்டான்னு பாக்கணும். அப்புறம் மூச்சுக் குழாய் எந்தப் பக்கம்னு..."

"உன்னக் கேக்க வரலப்பா. வீட்டுல இருக்காங்களா?"

அவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

"இருக்காங்கய்யா," என்றார். "பிளாச்சான் வறுக்கிறாங்க."